புத்தளக் கரையோரத்தில் இரு விலைகள்: சங்கக் கடையும் முதலாளி கடையும்

ஒரு பொருளுக்கு ஒரு சந்தையில் ஒரு விலையே நிலவும் என்பது பொருளியல் நூல்களின் எடுகோள். ஆயின் இலங்கையின் கிராமங்களில் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள், ஒரே ஊரில், ஒரே நாளில், அரிசிக்கு வெளிப்படையாகவே இரண்டு விலைகள் இருந்தன. ஒன்று கூட்டுறவுச் சங்கக் கடையின் கூப்பன் விலை. மற்றது முதலாளி கடையின் வெளிச்சந்தை விலை. இவ்விரண்டில் எது மலிவு என்று கேட்டால், எண்களை மட்டும் நோக்குபவர் சங்கக் கடையே மலிவு என்று தயங்காது கூறுவர். அப்படியாயின், புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் மீனவக் குடும்பங்கள் விலை கூடிய கடையை ஏன் இறுதிவரை கைவிடவில்லை என்ற வினா எழுகின்றது. அறியாமை, பழக்கம் என்று விடை கூறிவிடுவது எளிது. அவ்விடை பிழையானது.

தெற்கே மா ஓயா தொடக்கம், சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி எனத் தொடர்ந்து வடக்கே வில்பத்துக் காட்டின் ஓரம் வரை நீளும் இக்கரை, தான் விளைவிப்பதை விற்று, உண்பதைப் பெரும்பாலும் விலைக்கு வாங்கும் கரையாகும். உப்பு, மீன், கருவாடு, தேங்காய் ஆகியன இங்கிருந்து வெளியே செல்வன. அரிசியும் துணியும் வெளியிலிருந்து வருவன. ஆதலால் இம்மக்களின் வாழ்வு என்றும் இரு விலைகளிடையே அமைந்தது: தாம் விற்பதன் விலை, தாம் வாங்குவதன் விலை. இவ்விரண்டையும் சேர்த்து நோக்காத எந்த விலை ஒப்பீடும் இக்கரையைப் பொறுத்தவரை அரைகுறையானதே.

இந்நிலை மிகப் பழையது. 1344ஆம் ஆண்டில் புத்தளத்தில் இறங்கி ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த இபின் பதூதா, ஆறுகள் அடித்துக் கொணர்ந்த கறுவா மரங்கள் கடற்கரையிற் குன்றுபோற் குவிந்து கிடந்ததையும், மாபார், மலபார் நாட்டவர் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்று, பதிலாக மன்னனுக்குத் துணி முதலியவற்றை அளித்ததையும் குறிப்பிட்டுள்ளார். 1659இற் கற்பிட்டியைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், 1667 முதல் 1676 வரை அங்கே கோட்டையைக் கட்டினர். பகைவரை எதிர்ப்பதைவிட, கண்டி இராச்சியத்தின் வணிக வாயிலைத் தம் கையில் வைத்திருப்பதே அவர்தம் முதன்மை நோக்கமாயிருந்தது. உப்பும் கருவாடும் தவள மாடுகளின் முதுகில் மலைநாட்டுக்கு ஏறின. பாக்கு முதலியன இறங்கின. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கண்டி மன்னர் தம் கரையோரம் முழுவதையும் இழந்தபோதும், சிலாபம், புத்தளம் பகுதிகளில் உப்பெடுக்கும் உரிமை அவருடைய குடிகளுக்கு விடப்பட்டது. உப்பின் விலை, அரசியலாகவே இருந்தது எனலாம். பின்னர் பிரித்தானியர் உப்பைத் தம் தனியுரிமையாக்கி, உற்பத்திச் செலவுக்கும் விற்பனை விலைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அரசிறையாகத் திரட்டினர். உப்பளத்துக்கருகே வாழ்ந்தவனும் அவ்விலையையே கொடுத்தான்.

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட இலங்கை விவரத்திரட்டில் இப்பகுதிக்குத் தக்க இடம் உண்டு. தமிழ்ப் புலவர் வரலாற்றை எழுதியவராக மட்டும் அவரை நினைவுகூரும் தமிழுலகம், ஊரும் தொழிலும் பற்றி அவர் எழுதியவற்றை அதிகம் படிப்பதில்லை என்பது வருந்தத்தக்கது. அவர் காலத்திற் கொழும்பிலிருந்து புத்தளம் வரை சென்ற கால்வாயே பொருட்களின் பெருவழி. 1916இற் சிலாபத்தையும் 1926இற் புத்தளத்தையும் புகையிரதப் பாதை எட்டியபின், கொழும்பின் மொத்த வணிகருக்கும் கரையோரச் சிறுகடைக்கும் இடையே இருந்த தூரம் குறுகியது. தென்னிந்தியத் துறைமுகப் பட்டினங்களிலிருந்து வந்த முஸ்லிம் வணிகரும் செட்டிமாரும், உள்ளூர்ச் சோனகரும் சிங்கள முதலாளிமாரும் நடத்திய பலசரக்குக் கடைகள் இக்காலத்திலேயே ஊர்தோறும் வேரூன்றின. பர்மா அரிசி, மைசூர்ப் பருப்பு, சீனி, மண்ணெண்ணெய் ஆகியவற்றை விற்ற அதே கடை, ஊரின் கருவாட்டையும் கொப்பறாவையும் வாங்கியது. இவ்விரட்டைத் தொழிலே இங்கு ஆழ்ந்து நோக்கப்பட வேண்டியது.

கரைவலைத் தொழிலை எடுத்துக்கொள்ளலாம். உடப்புப் போன்ற ஊர்களில் வலையும் தோணியும் சம்மாட்டியாருக்கு உரியன; வலை இழுப்போருக்குப் பாட்டில் ஒரு பங்கு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிப்பதால் வலை ஓய்ந்திருக்கும். மீன்படும் காலத்திலோ ஒரே நாளில் நூறு நாளின் வருவாய் வந்துவிடக்கூடும். பத்து நாட்கள் வெறும் வலையும் ஏறக்கூடும். வயிற்றுக்கு மட்டும் பருவகாலம் இல்லை. ஆகவே வலை ஓய்ந்த மாதங்களில் முதலாளி கடையின் கடன் கொப்பியே குடும்பத்தைத் தாங்கியது. அரிசி இரண்டு கொத்து, சீனி கால் இறாத்தல், மண்ணெண்ணெய் ஒரு போத்தல் என்று நாள்தோறும் எழுதப்பட்டு, மீன்பட்டதும் கணக்குத் தீர்க்கப்பட்டது. அக்கணக்கிற் பெரும்பாலும் வட்டி என்ற சொல்லே இராது. அது இரண்டு இடங்களில் மறைந்திருந்தது. விற்ற அரிசியின் விலை சற்றுக் கூடியிருந்தது. வாங்கிய கருவாட்டின் விலை சற்றுக் குறைந்திருந்தது.

ஓர் எண்ணை உதாரணமாகக் கொண்டு நோக்கின் இது விளங்கும். காசுக்கு நூறு சதம் பெறும் அரிசியைக் கடனுக்கு நூற்றுப் பத்துச் சதமாக எழுதுவதாகவும், நூறு சதம் பெறும் கருவாட்டைத் தொண்ணூறு சதத்திற்கு ஏற்பதாகவும் வைத்துக்கொண்டால், அந்த அரிசிக்காக மீனவன் கொடுத்த கருவாட்டின் சந்தைப் பெறுமதி நூற்றிருபத்திரண்டு சதமாகும். கடையின் விலைப்பலகையில் இந்த எண் ஒருபோதும் எழுதப்படுவதில்லை. பக்கத்துக் கடையில் அரிசி ஐந்து சதம் மலிவு என்பதால் மட்டும் அவன் அங்கே செல்லவும் இயலாது. அங்கே அவனுக்குக் கொப்பி இல்லை.

இவ்வமைப்பினுள்ளேதான் 1942இற் கூட்டுறவுக் கடை நுழைந்தது. அவ்வாண்டு மார்ச்சில் யப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றியதும் பர்மா அரிசி நின்றது. ஏப்பிரலிற் கொழும்பும் திருகோணமலையும் வானிலிருந்து தாக்கப்பட்டன. உணவைப் பங்கிட்டு வழங்க அரசுக்கு ஒரு சில்லறை வலையமைப்பு உடனடியாகத் தேவைப்பட்டது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்நாட்டில் தோன்றிய கூட்டுறவு இயக்கம் அதுவரை பெரும்பாலும் கடனுதவிச் சங்கங்களையே கொண்டிருந்தது. யுத்த ஆண்டுகளிற் கூட்டுறவுப் பண்டகசாலைகள் விரல்விட்டு எண்ணத்தக்க தொகையிலிருந்து நாலாயிரம் வரை பெருகின. அவற்றுக்கு மொத்தமாகப் பொருள் வழங்க எழுந்த கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம், 1949ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தால் நிரந்தர நிறுவனமாயிற்று. சதொச என்று பின்னர் மக்கள் வழங்கியது அதனையே. அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பியது; கரையோர மீனவரின் காலையுணவிற் பாண் இடம்பெற்றதும் இக்காலத்தின் விளைவே.

நுகர்வோர் கூட்டுறவின் மூலவர் என்று போற்றப்படும் இங்கிலாந்தின் உரொச்டேல் நெசவாளரும் பிற தொழிலாளருமாகிய 28 பேர், 1844ஆம் ஆண்டு திசெம்பரிற் கடை திறந்தபோது இயற்றிய விதிகளுள் ஒன்று, கடனுக்கு விற்பதில்லை என்பது. வாரந்தோறும் கூலி பெற்ற ஆலைத்தொழில் நகரில், வணிகரின் கடனிலிருந்து தொழிலாளியை மீட்ட அறிவார்ந்த விதி அது. அவ்விதியின் வழியில் வந்த காசுக் கடையே இலங்கையின் பங்கீட்டுக் கடை. கூப்பன் புத்தகத்தைக் காட்டினால் மட்டும் போதாது, காசும் வேண்டும், அதுவும் அந்தக் கிழமைக்குரிய பங்கை அந்தக் கிழமையிலேயே எடுக்க வேண்டும். கடல் கொந்தளிக்கும் மாதத்திற் கையிற் காசில்லாத வீட்டுக்கு இவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றது. மலிவு விலை அரிசியை எடுப்பதற்கான காசை முதலாளியிடமே கைமாற்றாகப் பெறுவதும், கூப்பனையே அவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் கடையிற் பொருள் வாங்குவதும் நாட்டின் பல பகுதிகளில் நிகழ்ந்தன. சங்கக் கடை முதலாளி கடையை வீழ்த்தவில்லை. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்து நின்றன.

ஆயினும் கூப்பன் விலையின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடலாகாது. 1953 யூலையில் ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடு எவ்வாறு கொதித்தெழுந்தது என்பதை வரலாறு அறியும். ஓகத்து 12ஆந் திகதி ஹர்த்தாலின்போது அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூட நேர்ந்தது, உயிர்கள் பலியாயின, ஒக்தோபரிற் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். பின்வந்த சேர் யோன் கொத்தலாவலையின் அரசு விலையை 55 சதமாகக் குறைத்தது. அடுத்த அரசுகள் மேலும் குறைத்தன. அதன்பின் இந்நாட்டின் தேர்தல்கள் அனைத்தும் ஓரளவிற்குக் கொத்துக் கணக்கிலேயே நடந்தன எனின் அது மிகையாகாது. 1966 திசெம்பரில் இரண்டு கொத்து ஒன்றாகக் குறைக்கப்பட்டு, அவ்வொன்று இலவசமாக்கப்பட்டது. 1970இல் இரண்டாவது கொத்து 75 சத விலைக்கு மீண்டும் வழங்கப்பட்டது.

எழுபதுகளின் அநுபவம் கசப்பானது. உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் எரிபொருளும் ஒருங்கே விலையேறிய 1973ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் பங்கீடு சுருங்கியது. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்வது தடுக்கப்பட்டு, வீதித் தடைகளிற் பைகள் சோதிக்கப்பட்டன. நெல் விளையும் உள்நாட்டை நம்பியிருந்த கரையோரத்துக்கு இத்தடை இரட்டிப்புச் சுமை. மறுபுறம், வெங்காயமும் மிளகாயும் இறக்குமதியாகாமை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு நல்ல விலையைத் தேடித்தந்தது. விலை உயர்வு யாவருக்கும் ஒரே தன்மையான தீங்கன்று என்பதற்கு இது சான்று. இக்காலத்திலேயே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சிறு கூட்டுறவுச் சங்கங்கள் 372 பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக ஒருங்கிணைக்கப்பட்டன. நிருவாகத்திற்கு அது வசதி. ஊரவர் தாமே நிருவகித்த கடை, தூரத்திலுள்ள தலைமையகத்தின் கிளையாக மாறியதால் ஏற்பட்ட இழப்பு எந்தக் கணக்கறிக்கையிலும் இடம்பெறவில்லை.

1977ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தின்பின் இம்முறை கலைக்கப்பட்டது. 1978 சனவரியிற் பங்கீடு மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டுப்படுத்தப்பட்டது. 1979 செத்தெம்பரில் அரிசிக்குப் பதிலாக ரூபாவிற் பெறுமதி குறித்த உணவு முத்திரைகள் வந்தன. இம்மாற்றத்தைப் பலரும் மானியக் குறைப்பு என்றே நோக்கினர். அதனினும் ஆழமான மாற்றம் ஒன்று அதில் அடங்கியிருந்தது. கொத்தால் அளக்கப்பட்ட உரிமை ரூபாவால் அளக்கப்படலாயிற்று. கொத்து சுருங்குவதில்லை, சுருக்க வேண்டுமாயின் அரசு அதனை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், அறிவித்தால் 1953 நினைவுக்கு வரும். ரூபாவோ தானே சுருங்கும். எவரும் எதனையும் அறிவிக்க வேண்டியதில்லை. முத்திரையின் முகப்பெறுமதி மாறாதிருக்க, விலைகள் ஏறியமையால், சில ஆண்டுகளிலேயே அதன் கொள்வனவாற்றல் ஏறத்தாழ அரைவாசியாயிற்று. ஹர்த்தால் ஒன்றும் நிகழவில்லை.

இதே பாடத்தைப் புத்தளக் கரையோரம் இன்னும் கொடுமையான முறையிற் படிக்க நேர்ந்தது. 1990 ஒக்தோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 மக்கள் வீடும் கடையும் தோட்டமும் விட்டு, கையிற் சில நூறு ரூபாவுடன் புறப்பட்டனர். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினர். பெரும்பாலானோர் புத்தளம், கற்பிட்டி, முந்தல் பகுதிகளின் தென்னந்தோப்புகளிலும் மணல்வெளிகளிலும் ஓலைக் கொட்டில்களில் அமர்ந்தனர். யாழ்ப்பாணத்து வணிகராகவும் தையற்காரராகவும் இருந்தோர் அகதி என்னும் பெயரைப் பெற்றனர். அவர்களுக்கு வழங்கப்பட்ட உலர் உணவு நிவாரணம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாகவே வந்தது. யுத்தகாலத்திற் பிறந்த சங்கக் கடை, மற்றொரு யுத்தத்தில் மீண்டும் தன் பழைய பணிக்கு அழைக்கப்பட்டது.

அந்நிவாரணத்தின் பெறுமதி ஐவர் கொண்ட குடும்பமொன்றுக்கு மாதம் 1,260 ரூபா என வரையறுக்கப்பட்டது. அத்தொகை ஆண்டுகள் பல கடந்தும் மாறவில்லை. அரிசியும் பருப்பும் சீனியும் விலையேற, அதே எண்ணுக்குக் கிடைத்த பை ஆண்டுதோறும் இலேசாயிற்று. பையின் குறையை நிரப்பக் கற்பிட்டித் தீபகற்பத்தின் வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குச் செல்வதே பலருக்கு வழி. தொழில் தேடுவோர் பெருகியபோது கூலி விலையும் தாழ்ந்தது. அது உள்ளூர்க் கூலிக்காரரையும் பாதித்தது. இடங்கொடுத்து உணவளித்து வரவேற்ற மக்களுக்கும் வந்தோருக்கும் இடையே பின்னாளில் எழுந்த மனக்கசப்புக்களின் அடியில் இனமோ ஊரோ இருந்ததைக் காட்டிலும் கூலியும் விலையும் நிலமும் நீருமே இருந்தன. இரு சாராரும் ஒரே மொழி பேசி ஒரே சமயத்தைப் பின்பற்றியோர் என்பதை நோக்குமிடத்து இது தெளிவாகும். முகாம்களின் வாயிலில் முளைத்த சிறு கடைகளிலும் முதலில் திறக்கப்பட்டது கடன் கொப்பியே.

இதற்கிடையிற் கொழும்பில் வேறொரு வகைக் கடை தோன்றியிருந்தது. வாங்குபவர் தாமே பொருளை எடுத்துக் கூடையிலிடும் முறை 1916இல் அமெரிக்காவின் மெம்பிசு நகரில் ஆரம்பமாயிற்று. இலங்கையிற் கார்கில்ஸ் நிறுவனத்தின் முதலாவது பூட் சிற்றி 1983இற் கொழும்பிற் திறக்கப்பட்டது. காலப்போக்கிற் சிலாபத்திலும் புத்தளத்திலும் இத்தகைய பேரங்காடிகள் எழுந்தன. எண்பதுகளில் இக்கரையிற் பெருகிய இறால் வளர்ப்பு, ஊரிற் சிலர் கையிற் காசைப் புழங்கவிட்டது. 1996இல் வெண்புள்ளி நோய் பண்ணைகளை அழித்தபோது அக்காசு வந்த வழியே சென்றது. மறுபுறத்திற் பழைய மொத்த விற்பனை நிலையத்தின் சில்லறைக் கிளைகளின் வழியில் லங்கா சதொச என்னும் அரச கம்பனி அமைந்தது. ஆக, இன்று புத்தளம் நகரில் நிற்கும் ஒருவருக்குப் பேரங்காடி, சதொச, கூட்டுறவுக் கடை, வாராந்தச் சந்தை, தெருமுனைக் கடை என ஐந்து விலைகள் எதிர்ப்படுகின்றன.

இவற்றை ஒப்பிடுவோர் பொதுவாக ஒரு கிலோவின் விலையை ஒப்பிடுவர். ஒரு கிலோ வாங்க இயலாதவனுக்கு அவ்வொப்பீடு பயன் தராது. தெருமுனைக் கடை நூறு கிராம் சீனியையும், சிறு போத்தலின் அடியளவு தேங்காயெண்ணெயையும் விற்கும். அவ்வாறு வாங்குபவன் ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் பேரங்காடியில் வாங்கும் ஆசிரியரைவிட அதே சீனிக்குக் கூடுதலாகவே கொடுக்கின்றான். 1963இல் அமெரிக்கச் சமூகவியலாளர் தாவீது கப்லோவிற்சு, நியூயோர்க் நகரின் வறியோர் தளபாடம் முதலியவற்றைத் தவணைக்கு வாங்கும்போது செல்வரினும் கூடுதலான விலை கொடுப்பதை விரிவாக எடுத்துக்காட்டினார். அந்நகரத்து ஏழை, கடைக்காரனுக்கு அந்நியன். தவணை தவறினால் நீதிமன்றம். உடப்பிலும் கற்பிட்டியிலும் கடன் கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே கோயிற் திருவிழாவிலோ ஒரே பள்ளிவாசலிலோ தோளுரசுவோர். இந்நெருக்கம் மீனவனுக்குக் காப்பாகவும் இருந்தது, கட்டாகவும் இருந்தது. தவணை தவறியவனை முதலாளி பட்டினியிட இயலாது. மீன் பட்டவன் அதனை வேறொருவருக்கு விற்கவும் இயலாது.

2021, 2022ஆம் ஆண்டுகளின் நெருக்கடி இவ்வைந்து கடைகளையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்த்தது. 2021 செத்தெம்பர் தொடக்கத்தில் அரிசிக்கு உச்ச சில்லறை விலை குறிக்கப்பட்டது. அரிசி சந்தையினின்று மறைந்தது. அம்மாத இறுதியிலேயே கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2022 செத்தெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. எழுபதுகளை அறிந்த முதியோருக்கு வரிசையும் மட்டுப்பாடும் புதியன அல்ல. மண்ணெண்ணெய் இன்மையாற் படகுகள் கரையிற் கிடந்தபோது, கருவாட்டை ஈடாகக் கொண்டு அரிசி கொடுத்த பழைய கணக்கும் தடுமாறியது. ஏனெனில் முதலாளியும் நாள்தோறும் ஏறும் விலைக்கே காசு கொடுத்துச் சரக்கெடுக்க வேண்டியிருந்தது. கடனுக்கு விற்ற சீனியின் காசு திரும்பும் நாளில் அக்காசுக்கு அதே அளவு சீனியை அவரால் வாங்க இயலவில்லை. பணவீக்கம் கடன் கொப்பியை அதன் இரு பக்கங்களிலும் அரித்தது.

மழை மிகுந்து உப்பளங்கள் விளையாமையால் 2025ஆம் ஆண்டிற் புத்தளம் உப்புக்குப் பெயர்பெற்ற நாடு இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்தது. ஒரு காலத்திற் கண்டிக் குடிகள் விலையின்றி உப்பெடுத்த கரையிலேயே உப்புப் பைக்கு வழமையிலும் பன்மடங்கு விலை கேட்கப்பட்டது.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் இன்று பல இடங்களிற் கோப் சிற்றி என்னும் பெயரிற் கண்ணாடிக் கதவும் சுயசேவைத் தட்டுக்களுமாகத் தம் கடைகளை மாற்றியமைத்துள்ளன. பேரங்காடியோடு விலையிற் போட்டியிட இது துணைபுரியலாம். விலைச்சீட்டை அச்சிடும் பொறியும் அங்கே உண்டு; அட்டை மூலம் பணம் பெறும் பொறியும் உண்டு. தென்மேற்குக் காற்று எழும் மாதங்களிற் பெண்கள் பையுடன் செல்லும் கடை இன்றும் அதுவன்று. அவர்கள் செல்லும் கடையின் மேசையறையில், அட்டை கிழிந்து நூலாற் கட்டப்பட்ட கொப்பி ஒன்று இருக்கின்றது.